அஞ்சல் எண்ணிலேயே புளோக் எண் இருக்கிறது

வீட்டம்மா தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுப்பார், டின்னைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வாடிக்கையாளர்கள் அஞ்சல் எண்ணையும் வீட்டு எண்ணையும் மட்டும் அனுப்பிவிட்டு, புளோக் எண்ணை மறந்துவிடுவார்கள். கேட்கவே வேண்டாம், அது அங்கேயே இருக்கிறது.

1995 முதல் சிங்கப்பூரில் அஞ்சல் எண் ஆறு இலக்கம். முதல் இரண்டு வட்டாரத்தைக் காட்டும்: 73 உட்லண்ட்ஸ், 76 ஈசூன், 82 பொங்கோல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக் என்றால் கடைசி மூன்று இலக்கம்தான் புளோக் எண். தேக்கா நிலையத்தைப் பாருங்கள்: 210665. பஃபலோ ரோடு, புளோக் 665. சரியா?

மூன்றாவது இலக்கத்தில்தான் சூட்சுமம். அது பூஜ்யமாக இருந்தால் வெறும் எண். 1 என்றால் புளோக் எண்ணோடு ஏ, 2 என்றால் பி, 3 என்றால் சி. 823273 என்று வந்தால் பொங்கோலில் 273சி. பக்கத்திலேயே 273டி நிற்கும், அதன் எண் 824273. இந்த ஒரு இலக்கத்தைக் கவனிக்காதவர்கள் மின்தூக்கி ஏறி, யார் வீட்டுக் கதவையோ தட்டுவார்கள்.

அப்புறம், பல வீவக நகரங்களில் புளோக் எண்ணின் முதல் இலக்கம் அக்கம்பக்க வட்டாரத்தைக் குறிக்கும். அங் மோ கியோவில் 100களைத் தேடும்போது 500களில் நின்றால், இன்னும் நடக்க வேண்டும்.

கொண்டோமினியத்துக்கும் தரைவீட்டுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு மேப்பைத் திறங்கள்.