ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறதா? குளிக்கும்போதே சூடு மாறுகிறதா?

மூன்று வாரம் எங்கள் வீட்டு ஷவரோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டது இது. வால்வை மூடுவதும் நட்டைக் கழற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கீசர் ஸ்விட்சை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

படி 1: எல்லாக் குழாயிலும் வேகம் குறைவா, ஷவரில் மட்டுமா? எல்லாவற்றிலும் என்றால் ஷவரைத் தொடாதீர்கள். தொட்டியையும் மெயின் வால்வையும் பாருங்கள். தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்தளத்தில் 2, 3 மீட்டர்தான் இருக்கும். அங்கே போய் அகலமான மழை ஷவரை மாட்டினால் சொட்டத்தான் செய்யும்.

படி 2: ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறங்கள். பீய்ச்சி அடித்தால் கோளாறு தலையில்தான். வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். நான் இதை மூன்று முறை செய்தும் பலனில்லை. கடைசியில் பார்த்தால், தலையும் பைப்பும் சேரும் இடத்தில் வாஷரோடு ஒரு குட்டி வலை. அதில் மணலும் டெஃப்லான் டேப் துணுக்கும் அப்பிக்கிடந்தன!

படி 3: வெந்நீர் மட்டும் மெதுவாக வந்தால், கீசருக்குப் போகும் ஆங்கிள் வால்வு (சுவரில் இருக்கும் சின்னத் திருகு வால்வு) முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புப் பைப் மடங்கியிருந்தாலும் இதே கதைதான்.

படி 4: என்னைச் சுற்றலில் விட்டது இதுதான். கீசர் நன்றாகச் சூடாகும், ஷவரில் வெதுவெதுப்புதான். ஹீட்டர் காயிலையே மாற்றக் கிளம்பிவிட்டேன். அதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: கீசருக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடிவிட்டு, வாஷ்பேசினில் வெந்நீர்க் குழாயைத் திறங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எங்கோ பச்சைத்தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுகிறது. பெரும்பாலும் மிக்ஸருக்குள்தான், அதாவது வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து ஷவருக்கு விடும் குழாய்க்குள். கை ஷவரின் பொத்தானை மட்டும் மூடி, மிக்ஸரின் இரண்டு குமிழையும் திறந்தே விட்டாலும் இப்படி ஆகும். எங்கள் வீட்டில் ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரின் கார்ட்ரிட்ஜ் (கைப்பிடிக்குக் கீழே தண்ணீரைக் கலக்கும் உள்பாகம்) தேய்ந்திருந்தது. புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், 35 மி.மீ., 40 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நான் ஏமாந்தேன்.

கருவி விஷயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு எனக்கு: அட்ஜஸ்டபிள் ஸ்பானர், நட்டின் மேல் ஒரு துணி. பைப் ரெஞ்சை எடுத்தீர்களோ, குரோமில் பல் பதிந்துவிடும்.

பின்சேர்க்கை: யாராவது டாய்லெட்டை ஃப்ளஷ் செய்ததும் ஷவர் சுடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். பச்சைத்தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடுவதால் வருவது அது. ஃப்ளஷ் தொட்டியின் ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். தொட்டி மெதுவாக நிறையும், ஷவர் அவ்வளவாகத் துள்ளாது.

இன்னொருவருக்கு இன்ஸ்டன்ட் கீசர் (தண்ணீர் ஓடும்போதே சூடாக்குவது), 3 கிலோவாட். தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர்தான் அதனால் முடியும். குழாயை முழுக்கத் திறந்தால் சூடு குறையும். அது பழுதில்லை, திறப்பைக் குறையுங்கள்.