எங்கே போகிறோம் என்று முடிவு செய்யாமல் வாசல் தாண்டக் கூடாது: பிரெக்சிட்டில் நடந்த தவறுகள்

ஒரு கூட்டமைப்பை விட்டு ஒரு நாடு விலகுவது நடக்கவே நடக்காத காரியமல்ல. டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான கிரீன்லாந்து 1982இல் வாக்கெடுப்பு நடத்தி, 1985 பிப்ரவரியில் ஐரோப்பியச் சமூகத்தை (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) விட்டு வெளியே வந்தது. அங்கே முக்கியமாகப் பேச வேண்டியிருந்தது மீன்பிடி உரிமை. அதற்கே ஏறக்குறைய மூன்று ஆண்டு பிடித்தது. 1973 முதல் 47 ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டு 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டன் எவ்வளவு கணக்குப் போட்டிருக்க வேண்டும்? போடவில்லை. பின்னால் வந்த வருத்தங்களில் பெரும்பாலானவை அங்கே தொடங்கியவைதான்.

முதல் தவறு, கட்சிக்குள் இருந்த சண்டையை நாட்டின் முன்னால் கேள்வியாக வைத்தது. கன்சர்வேடிவ் கட்சியில் ஐரோப்பா பற்றிய பிளவு பல பத்தாண்டுப் பழசு. ஒன்றியத்தை விட்டு வெளியேறக் கோரிய பிரிட்டன் சுதந்திரக் கட்சி தங்கள் வாக்குகளைத் தின்று வருவதைப் பார்த்த அக்கட்சியின் பிரதமர் டேவிட் கேமரன், ஒன்றியத்தில் நீடிப்பதா என்று வாக்கெடுப்பு நடத்துவதாக 2013 ஜனவரியில் வாக்குறுதி தந்தார். குடியேற்றம் பற்றிய மக்களின் கோபம் உண்மையானது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2004இல் 10 நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, வேலைச் சந்தையை முதல் நாளே திறந்துவிட்ட பழைய உறுப்பு நாடுகள் பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றுதான். அரசுக்காகச் செய்யப்பட்ட மதிப்பீடு ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்றது. வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. பள்ளி, மருத்துவமனை, வீட்டு வாடகை என்று எல்லாவற்றிலும் நெருக்கடியை உணர்ந்தவர்களுக்கு நாடாளுமன்றத்தில் குரலும் இல்லை: 2015 தேர்தலில் சுதந்திரக் கட்சி 12.6 சதவீத வாக்கு வாங்கியும் கிடைத்தது ஒரே ஒரு இடம். அடைத்து வைத்த தண்ணீர் கிடைத்த ஒரே மடை வழியே பாய்ந்தது.

இரண்டாவது தவறுதான் எல்லாவற்றுக்கும் தாய். வாக்குச்சீட்டில் இரண்டு கட்டம்: ‘உறுப்பினராக நீடிப்பது’, ‘வெளியேறுவது’. நீடிப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். வெளியேறி நார்வேயைப் போல ஒற்றைச் சந்தைக்குள் (பொதுவான விதிகளோடு சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போகும் ஏற்பாடு) இருப்பதா, துருக்கியைப் போலச் சுங்க ஒன்றியத்தில் (தங்களுக்குள் வரியின்றி, வெளியாருக்கு ஒரே வரி) மட்டும் இருப்பதா, கனடாவைப் போல வெறும் வணிக ஒப்பந்தமா? சீட்டு சொல்லவில்லை. ஆளுக்கொரு வெளியேற்றத்தை மனதில் வைத்துக் குத்தினார்கள். 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் வெளியேற்றத்துக்கு. வாக்குப்பதிவு 72.2 சதவீதம்; அதாவது வெளியேறச் சொன்னவர்கள், பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 37 சதவீதம் சொச்சம். 1979இல் ஸ்காட்லாந்துக்குத் தனி அவை கேட்டு நடந்த வாக்கெடுப்பில், மொத்த வாக்காளர்களில் 40 சதவீதத்தின் ஆதரவு வேண்டும் என்று இதே நாடாளுமன்றம் விதி போட்டது. நாட்டையே மாற்றும் முடிவுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் நீடிக்கவே வாக்களித்தன. அதற்கு என்ன மதிப்பு என்பதும் முன்கூட்டி எழுதப்படவில்லை. சரியான முறை இரண்டு படிகள்: கொள்கைக்கு ஒரு வாக்கு, பேசி முடித்த ஒப்பந்தம் கையில் இருக்கும்போது இன்னொரு வாக்கு.

யார் வாக்களிப்பது என்பதையும் பழைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்தார்கள். காமன்வெல்த் குடிமக்களுக்கு வாக்கு உண்டு; ஐரோப்பியக் குடிமக்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்கள் தவிர மற்றவர்களுக்கு இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு லண்டனில் முறையாகக் குடியிருந்த தமிழர் வாக்களிக்கலாம். நெதர்லாந்து, ஜெர்மனிக் குடியுரிமையோடு அங்கே வந்து கடை வைத்த ஈழத் தமிழர் வாக்களிக்க முடியாது. பறிபோகப் போவது இவருடைய உரிமை. இவர்தான் பிறகு 2021 ஜூன் 30க்குள் குடியிருப்பு அந்தஸ்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவரானார்.

அடுத்தது கடிகாரம். ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆம் பிரிவின்படி, விலகுவதாக அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து இரண்டே ஆண்டு; நீட்டிக்க மற்ற எல்லா நாடுகளும் சம்மதிக்க வேண்டும். கேமரனுக்குப் பின் பிரதமரான தெரசா மே 2017 மார்ச் 29 அன்று அறிவிப்பு கொடுத்துவிட்டு, ஜூனில் தேர்தல் வைத்துப் பெரும்பான்மையை இழந்தார். பணம், குடிமக்கள் உரிமை, அயர்லாந்து எல்லை மூன்றிலும் போதுமான முன்னேற்றம் வந்த பிறகுதான் வணிகம் என்ற ஒன்றியத்தின் வரிசையையும் ஏற்றுக்கொண்டார்கள். 2019 ஜனவரி 15 அன்று அவருடைய விலகல் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 432க்கு 202 என்று தோற்றது. ஏப்ரலில் சுங்க ஒன்றியத்தில் இருக்கலாம் என்ற தீர்மானம் தோற்றது மூன்றே வாக்கில். இந்த வாக்கெடுப்புகளை மணி ஓடத் தொடங்குவதற்கு முன்னால் நடத்தியிருக்க வேண்டும்.

பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும் ஒன்றிய உறுப்பு நாடான அயர்லாந்துக்கும் இடையிலான எல்லை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே சோதனைச் சாவடி கிடையாது. தீவுக்குள் எல்லை கூடாது, பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடலிலும் எல்லை கூடாது, சுங்க ஒன்றியத்திலும் ஒற்றைச் சந்தையிலும் இருக்கக் கூடாது: மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். எதை விடுவது என்று மக்களிடம் சொல்லாமலே பிரசாரம் நடந்தது. கடைசியில் எல்லை கடலுக்குப் போனது. அதைத் தளர்த்த 2023இல் ஒன்றியத்தோடு விண்ட்சர் உடன்பாடு வேண்டியிருந்தது.

‘சுங்கவரி இல்லை, ஆகவே வணிகம் பழையபடி நடக்கும்’ என்று நம்பியதும் பெரிய பிழை. 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்துத் துறைமுகத்து நண்டு, இறால் பெட்டிகளைப் பாருங்கள். வரி சுழியம்தான். ஆனால் அரசு அங்கீகரித்த அலுவலர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று, பிடிப்புச் சான்று, சுங்க அறிவிப்பு மூன்றும் வேண்டும். ஒரே லாரியில் பத்து வியாபாரிகளின் சரக்கு போகும். ஒருவர் தாளில் ஒரு பிழை இருந்தால் ஒன்பது பேரின் மீனும் நிற்கும். மீன் காத்திருக்காது. ‘பி’ வகை (ஓரளவு மாசுள்ள) நீரில் பிடித்த உயிர்ச் சிப்பிகளைச் சுத்திகரிக்காமல் அனுப்பவே முடியாமல் போனது. இதற்கிடையே ஐரோப்பாவிலிருந்து வரும் உணவுக்கான சோதனையைப் பிரிட்டன் பலமுறை தள்ளிப்போட்டு 2024இல்தான் தொடங்கியது. அதுவரை சுமை சொந்த ஏற்றுமதியாளர்கள் மேல் மட்டும்.

வருத்தத்தைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. வெளியேற்றப் பிரசாரப் பேருந்தில் ஒன்றியத்துக்கு அனுப்புவதாக எழுதிய ‘வாரம் 35 கோடி பவுண்டு’, 1984இல் அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர் பிரிட்டனின் பங்குத்தொகையில் வாங்கித் தந்த தள்ளுபடியைக் கழிக்காத தொகை. ஒன்றியத்தில் நீடித்திருந்தால் இருக்கக்கூடியதைவிட நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது அரசின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு. 2021 முதல் 2023 வரை குடியேற்றமும் குறையவில்லை, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கூடியது. இப்போது கருத்துக் கணிப்புகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளியேறியது தவறு என்கிறார்கள். அதை வைத்து வாக்களித்தவர்களை முட்டாள்கள் என்பது அநியாயம்: அவர்கள் சொன்ன குறை நிஜம், அவர்களுக்குக் காட்டிய மருந்துதான் வேறு. ‘திரும்பச் சேர்ந்துவிடலாம்’ என்பதும் அவ்வளவு எளிதல்ல. அதே உடன்படிக்கையின் 49ஆம் பிரிவின்படி உறுப்பு நாடுகள் அத்தனையும் ஒப்ப வேண்டும். அந்தத் தள்ளுபடியும், யூரோ நாணயத்திலிருந்து பெற்றிருந்த விலக்கும் தானாகத் திரும்பாது. மறுபடி பேசித்தான் கேட்க வேண்டும்.