பொந்துக்குள் பறவை இருக்கிறதா? என் அனுபவம்

வேல்ஸ் நாட்டு ஸ்கோமர் தீவில் மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகளை எண்ணும் வேலை. இரவில்தான் கரைக்கு வரும். பகலில் மண் பொந்துக்குள் அடைகாக்கும். பொந்துகளை மட்டும் எண்ணிப் பயனில்லை. முயலும் பஃபின் என்ற இன்னொரு கடற்பறவையும் அங்கேதான் குடியிருக்கின்றன.

அதனால் பொந்து வாயில்களில் இந்தப் பறவையின் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு, உள்ளிருந்து பதில் குரல் வருகிறதா என்று கேட்டோம். சிக்கல் என்னவென்றால், உள்ளே இருந்தாலும் பல பறவைகள் வாயே திறப்பதில்லை. ஆண் குரலுக்குப் பெரும்பாலும் ஆண்தான் பதில் தரும். பெண்ணும் முறைபோட்டு அடைகாக்கிறதே! இரண்டு குரலும் சேர்ந்த பதிவைப் போட்டதும் பதில்கள் கூடின.

அப்புறம், பறவை இருப்பது உறுதியான சில பொந்துகளில் தினமும் ஒலிக்கவிட்டு, எத்தனை பங்கு பதில் வருகிறது என்று பார்த்தோம். உதாரணமாக, பத்துக்கு நான்கு வந்தால், மற்ற இடங்களில் கிடைத்த பதில்களின் எண்ணிக்கையை 2.5ஆல் பெருக்க வேண்டும். இந்த எண்ணை வேறு தீவிலிருந்து கடன் வாங்காதீர்கள். என்னைக் கேட்டால், போன வருடத்ததும் வேண்டாம்.