பழைய மேப்பிளைப் போன்சாய் ஆக்குவோர் தவிர்க்க வேண்டியவை

குன்னூரில் ஒரு பழைய பங்களாத் தோட்டத்தில், பல ஆண்டுகளாக எவரும் கவனிக்காமல் வளர்ந்து நின்ற ஜப்பானிய மேப்பிளின் அடித்தண்டில், அதைத் தொட்டிக் குறுமரமான போன்சாய் ஆக்குவதற்காக, இளைஞர் ஒருவர் ரம்பத்தை வைத்தபோது, என்னையும் அறியாமல் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். அவர் செய்யவிருந்தது நான் முன்பு செய்த அதே தவறு. தண்ணீர் விட மறப்பது போன்றவற்றை அனைவரும் அறிவர். அவற்றை இங்கே எழுதவில்லை.

ஒட்டுக்குக் கீழே வெட்டுவது

தோட்டங்களில் அழகுக்காக வைக்கப்படும் செவ்விலை மேப்பிள்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். விதையில் முளைப்பவை தாய்மரத்தின் நிறத்தை அப்படியே கொண்டு வருவதில்லை என்பதால், சாதாரணப் பச்சை இலை நாற்றின் மேல் தேர்ந்த இரகத்தின் குச்சியை ஒட்டி வளர்க்கிறார்கள். கவனிப்பாரற்ற மரத்தில் ஒட்டிய இடம் சருகுக்கும் பாசிக்கும் அடியில் மறைந்துவிடுகிறது.

எனக்குக் கிடைத்த மரத்தை அதன் உரிமையாளரான அம்மையார் அந்தச் சிவப்புக்காகவே பல காலம் காத்து வந்தவர். குட்டையான, பருத்த தண்டு வேண்டும் என்ற ஆசையில் தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் அறுத்தேன். தை கழிந்ததும் வெட்டுக்குக் கீழே மொட்டுகள் வரிசையாக வெடித்தன, மகிழ்ந்தேன். இலைகள் பச்சையாக விரிந்தன. முதிர்ந்தால் சிவக்கும் என்று ஆனி வரை காத்திருந்தேன், ஒன்றுகூடச் சிவக்கவில்லை. ஒட்டு இருந்தது நான் அறுத்தெறிந்த மேல்துண்டில். அதுவோ எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டது. பத்து நிமிடம் விரலால் மண்ணையும் பாசியையும் விலக்கிப் பார்த்திருந்தால் போதும் என்ற எரிச்சல் இன்றும் தீரவில்லை.

ஆகவே வேர்கள் பிரியும் இடம் தெரியும்வரை முதலில் மண்ணை விலக்குங்கள். தண்டில் புடைப்பு இருக்கிறதா, அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறமோ சொரசொரப்போ மாறுகிறதா என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒட்டு உயரத்தில் இருந்தால் அதற்கு மேலே விண்பதியம் போடுவதே வழி, அதாவது மரத்தில் இருக்கும்போதே தண்டை வேர்விடச் செய்வது. இளவேனில் இலைகள் விறைத்தபின் தண்டின் பருமனளவு அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசி வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டுங்கள். வேர் நன்கு இறங்கிய பிறகு அதற்குக் கீழே அறுத்தால், இரகமும் மாறாது, சுற்றிலும் சீரான வேரும் கிடைக்கும்.

அன்று அந்த இளைஞரின் மரத்தில் பாசியை விலக்கினோம். ரம்பம் பதிந்த கோட்டுக்கு நான்கு விரற்கடை மேலே புடைப்பு தெளிவாகத் தெரிந்தது.

தோண்டிய அன்றே தட்டுத்தொட்டி

ஆழமில்லாத போன்சாய்த் தொட்டியில் உடனே நட வேண்டாம். அடியில் பெரிய துளைகளிட்ட மரப்பெட்டியில் இரண்டு ஆண்டுகளாவது தேறட்டும். தோட்டத்துச் செம்மண்ணையே பெட்டியில் இட்டால், வடகிழக்குப் பருவமழையில் அது சேறாகி வேரை அழுகச் செய்யும். சலித்த செங்கல் சில்லும் பருமணலும் கலந்து இடுங்கள்.

இலை விரிந்தபின் வேர் வெட்டுவது

மொட்டு வீங்கும்போது வெட்டலாம். இலை விரிந்துவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

கம்பியை மறப்பது

கிளைகளை வளைத்து வடிவமைக்கக் கம்பி சுற்றுவோம். மேப்பிளின் பட்டை மெல்லியது; துளிர் விரைந்து வளரும் நாட்களில் வாரந்தோறும் பாருங்கள், கம்பி பட்டையை அழுத்தத் தொடங்கும் முன்பே அதை வெட்டி எடுங்கள்.