பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியும் மாட்ட மறுத்த மரத்துண்டும்

இங்கிலாந்தில் லைசென்ஸோடு வாங்கிய பழைய, பர்மிங்காம் நகரில் செய்த 12 போர் (குழல் அளவு) பாக்ஸ்லாக் வகை இரட்டைக்குழல் துப்பாக்கி, மூன்று துண்டாகப் பிரித்துப் பெட்டியில் வந்தது. குழலை மாட்டினால் ஃபோர்-எண்ட், அதாவது குழலுக்கு அடியில் வரும் மரத்துண்டு, உட்காரவே மறுத்தது. மரம் ஊதியிருக்கும், கொஞ்சம் இழைத்துவிடு என்றார் ஒரு நண்பர். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. 1875-இல் ஆன்சனும் டீலியும் காப்புரிமை பெற்ற இந்த பாக்ஸ்லாக் முறையில், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்கள் உள்ளே ஒளிந்திருக்கும். துப்பாக்கியை மடக்கித் திறக்கும்போது ஃபோர்-எண்ட் இரண்டு நெம்புகோல்களின் முனையைக் கீழே அழுத்த, அவற்றின் பின்பக்கம் எழும்பிச் சுத்தியல்களைத் தூக்கி நிறுத்தும். குழலைக் கழற்றியபின் யாரோ விசையை இழுத்திருக்கிறார்கள், சுத்தியல் விழுந்து, முனைகள் மேலே வந்து வழியை மறித்துவிட்டன.

மேசை விளிம்பில் மரக்கட்டை வைத்து, அந்த முனைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் அழுத்தினேன். ஸ்பிரிங் முரடு, நல்ல பலம் வேண்டும். இரண்டும் 'க்ளிக்' என்றன. அப்புறம் ஃபோர்-எண்ட் சுலபமாக உட்கார்ந்தது.

இன்னொன்று, இதைவிட முக்கியம். அந்தக் காலத்துப் பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 2½ அங்குலம்தான். இன்றைய 2¾ அங்குலத் தோட்டாவும் உள்ளே போய்விடும், ஏனென்றால் அந்த அளவு, சுட்டபின் தோட்டாவின் மடிந்த வாய் விரிந்த பிறகுள்ள நீளம். ஆனால் சுடும்போது வாய் விரிய இடம் போதாமல் அழுத்தம் ஆபத்தாக ஏறலாம். புரூஃப் முத்திரையை, அதாவது குழலைச் சோதித்ததற்கான அடையாளத்தை, பார்த்து, அறையை அளந்து, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே 2½ அங்குல அறைக்கு ஏற்ற 65 மி.மீ. தோட்டா வாங்கினேன்.