உப்புத் தண்ணீர் ஊரில் வாஷிங் மெஷின் பராமரிப்பு

போர் தண்ணீரில் நுரை வரவில்லையே என்று இன்னொரு கரண்டி பவுடரை அள்ளிப் போடுவதுதான், ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம் முதல் தொண்டி வரை பல வீடுகளில் மெஷினில் கப்பு வாடை அடிப்பதற்கு முதல் காரணம். சுண்ணாம்பு அதிகமுள்ள கடினத் தண்ணீரில் நுரை குறைவாகத்தான் வரும். அதற்காகத் துணி வெளுக்கவில்லை என்று அர்த்தமில்லை. கரையாமல் மிஞ்சும் பவுடர், துணி அழுக்கோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து டிரம்முக்கு வெளியே இருக்கும் தொட்டியின் சுவரில் பசையாக ஒட்டிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது. பாக்கெட்டில் கடினத் தண்ணீருக்குப் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். தேவைப்பட்டால் ஒருமுறை கூடுதலாக அலசவிடுங்கள்.

முதலில் உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பாருங்கள். எவர்சில்வர் தட்டில் நாலு சொட்டு விட்டுக் காயவையுங்கள். வெள்ளையாகப் படிந்ததன் மேல் சிட்ரிக் ஆசிட் கரைசலை ஒரு சொட்டு விட்டால் பொரிந்து கரையும். அப்படியானால் அது சுண்ணாம்பு. வெறும் தண்ணீரிலேயே கரைந்து போனால் அது உப்பு. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். சுண்ணாம்பை ஆசிட் எடுத்துவிடும். உப்பை எடுக்க நல்ல தண்ணீரில் அலசுவது தவிர வேறு வழியில்லை. குழாயில் மாட்டும் ஃபில்டர் உருண்டைகளும் சுண்ணாம்பு படிவதைக் குறைக்குமே தவிர உப்பை நீக்காது. அதனால் காவிரித் தண்ணீர் வரும் நாளில் மெஷினை ஒருமுறை வெறுமனே ஓட்டிவிடுங்கள், துருவுக்கு அதுவே பெரிய காப்பு.

அடுத்து மணல். கடலுக்குப் போய் வந்த துணியை நேரே மெஷினில் போடவே கூடாது. உதறி, வாளித் தண்ணீரில் இரண்டு முறை முக்கியெடுத்துப் போடுங்கள். டிரம்மைச் சுழற்றும் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை (சீல்) மணல் அரிக்கும். சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும். ஃப்ரண்ட் லோடில், கதவு ரப்பரின் மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தால் அடியில் மணலும் முடியும் கருப்புப் பாசியும் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கீழ்மூலையில் உள்ள சின்ன மூடிக்குப் பின்னால் பம்ப் ஃபில்டர் இருக்கிறது. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் ஒரு தட்டு வைத்து, மெதுவாகத் திருகித் தண்ணீரை வடியவிட்டுக் கழுவுங்கள். டாப் லோடில் நூல் பையை வாரம் ஒருமுறை உதறினால் போதும்.

தண்ணீர் மெதுவாக ஏறினால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள். குழாயை மூடி, பின்னாலுள்ள ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன வலை தெரியும். அதைக் குறடால் இழுத்து எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்துக் கால் மணி நேரம் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு எடுக்க வேண்டும். ஃப்ரண்ட் லோடில் துணி இல்லாமல், டிரம்முக்குள் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் நீளமான சுற்று ஓட்டுங்கள். டாப் லோடில் இரண்டு வாளி வெந்நீர் ஊற்றி, மீதித் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி, 200 கிராம் சிட்ரிக் ஆசிடும் சேர்த்து, பத்து நிமிடம் சுற்றவிட்டு அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பிறகு மீண்டும் சுற்றி வடித்து, ஒருமுறை அலசிவிடுங்கள். வடியும் தண்ணீரில் பழுப்புச் செதில்கள் வந்தால் பயப்பட வேண்டாம், பழைய படிவு உரிந்து வருகிறது. செதில் நிற்கும்வரை அலசுங்கள், பிறகு பம்ப் ஃபில்டரை இன்னொருமுறை பாருங்கள்.

வாடை அதன்பிறகும் போகவில்லை என்றால் வேறொரு நாளில், துணிக்குப் போடும் திரவ பிளீச் 100 மில்லி ஊற்றி, வெந்நீர் இல்லாமல் ஒரு சுற்று. ஆசிடும் பிளீச்சும் எந்தக் காரணத்துக்காகவும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைக் கெடுக்கும். கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரையும் பயன்படுத்தாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்பு மறுபடி படியும். பிளீச் எஃகையும் அரிக்கும் என்பதால் உடனே இரண்டு முறை அலசிவிட வேண்டும்.

துவைத்து முடிந்ததும் துணியை உடனே எடுத்துவிட்டு, கதவையும் சோப்பு டிரேயையும் திறந்தே வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதவைத் திறந்து போடும்போது கவனம் தேவை. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மெஷினின் வெளிப்பக்கத்தையும் அடிக்கால்களையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வாரம் ஒருமுறை துடையுங்கள், பெயின்ட் பொரியாது.

டிரம்மைக் கையால் சுற்றும்போது கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்டால் சுத்தம் செய்து பயனில்லை. பேரிங் போயிருக்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.