‘புட் ஆஃப்’: தள்ளிவைப்பதை ஆங்கிலத்தில் சொல்லும் முறை

ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகள், ‘தி இன்டர்வியூ ஹேஸ் பீன் புட் ஆஃப்’ என்று மின்னஞ்சல் வந்தால் வாய்ப்பே போய்விட்டதாக எண்ணிச் சோர்ந்துவிடக் கூடாது. நேர்காணல் நடக்கும், நாள்தான் தள்ளிப்போகிறது. ‘கால்ட் ஆஃப்’ என்று இருந்தால்தான் அது ரத்து.

காவிரியில் நீர்வரத்து கூடி, ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பயணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றினால் ‘வி புட் ஆஃப் தி ட்ரிப்’. போகவே வேண்டாம் என்று விட்டுவிட்டால் ‘வி கால்ட் ஆஃப் தி ட்ரிப்’. ‘புட்’ என்பது இறந்தகாலத்திலும் மாறாமல் ‘புட்’ என்றே நிற்கும்.

எதைத் தள்ளிவைக்கிறோமோ அந்தப் பெயர்ச்சொல் ‘ஆஃப்’ என்பதற்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். அதற்குப் பதிலாக ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில் மட்டுமே வர வேண்டும்: ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ பிழை.

ஒரு செயலைத் தள்ளிப்போடுவதைச் சொல்லும்போதுதான் நம்மவர் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘ஹி புட் ஆஃப் டு கோ’ என்பது தவறு. ‘ஹி புட் ஆஃப் கோயிங்’ என்பதே சரி. தமிழிலும் ‘போகத் தள்ளிப்போட்டான்’ என்று நாம் சொல்வதில்லை, ‘போவதைத் தள்ளிப்போட்டான்’ என்றுதான் சொல்கிறோம். ‘போவதை’ என்று தொழிற்பெயர் வரும் அதே இடத்தில் ஆங்கிலத்தில் ‘இங்’ சேர்ந்த வடிவம் வரும் என்று நினைவில் வைத்தால் இந்தப் பிழை நேராது. எந்த நாள் வரை என்பதற்கு ‘அன்டில் மண்டே’ என்றும், எவ்வளவு காலம் என்பதற்கு ‘ஃபார் டூ வீக்ஸ்’ என்றும் சேர்க்க வேண்டும்.

அலுவலகத்துக்கு எழுதும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மனமில்லாமல் ஒரு வேலையை நாள் கடத்துவதற்கும் ‘புட் ஆஃப்’ என்றே சொல்வதால், மேலாளருக்கு ‘ஐ புட் ஆஃப் தி வொர்க்’ என்று எழுதினால் சோம்பலால் செய்யாமல் விட்டதுபோலத் தோன்றக்கூடும். அங்கே ‘போஸ்ட்போன்’ அல்லது ‘ரீஷெட்யூல்’ என்று எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.

தள்ளிவைக்கப்படுவது ஒரு நிகழ்ச்சியாக இல்லாமல், ‘புட்’, ‘ஆஃப்’ இரண்டுக்கும் நடுவில் ஆள் வந்தால் பொருளே மாறிவிடுவது உண்டு. பாலக்கோட்டில் தக்காளி வாங்க வந்தவர் விலையைக் கேட்டுப் பின்வாங்கினால், ‘தி ப்ரைஸ் புட் ஹிம் ஆஃப்’ என்பார்கள். வாங்கும் விருப்பமே போய்விட்டது என்று பொருள்.

நேர்காணலைத் தள்ளிவைத்த மின்னஞ்சலில் புதிய தேதி இல்லையென்றால், அன்றே ‘குட் யூ ப்ளீஸ் லெட் மீ நோ தி நியூ டேட்?’ என்று பணிவாகக் கேட்டுப் பதில் அனுப்பலாம்.